புதுப்பேட்டையில் பார்த்த அண்ணனுக்கு நன்றி

அப்பாவின் 1990 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் இன்ஜினை வீட்டிலேயே பிரித்துப் போட்டிருந்தேன். லேத்தில் கொடுத்து சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்தாயிற்று, புது பிஸ்டனும் வாங்கியாயிற்று. சென்னை புதுப்பேட்டையில் ஒரு உதிரி பாகக் கடையில், பிஸ்டனின் குறுக்குத் தண்டு நழுவாமல் பிடிக்கும் சின்னக் கம்பி வளையமான சர்க்லிப் கேட்டு நின்றபோது, பக்கத்தில் நின்ற அண்ணன், "தம்பி, பிஸ்டன் ரிங் மாட்டத் தெரியுமா?" என்றார். பிஸ்டனைக் கையில் வாங்கி, ரிங் பள்ளத்தில் கடுகளவு இருந்த பின்னை நகத்தால் தொட்டுக் காட்டினார். இது மாதிரி டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ரிங்கின் வாய், அதாவது அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, அந்தப் பின்னில்தான் உட்கார வேண்டும். விலகினால் சிலிண்டர் சுவரில் இருக்கும் துளையில் (போர்ட்) சிக்கி உடையும், சிலிண்டரும் போய்விடும். சத்தியமாக எனக்கு இது தெரியாது. அப்புறம், சர்க்லிப் மாட்டும்போது அது தவறி இன்ஜினுக்குள் விழாமலிருக்க, கீழே கிரேங்க் பகுதியின் வாயில் துணி அடைக்கச் சொன்னார். பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டார்.

ஞாயிறு காலை, மூன்றாவது கிக்கில் வண்டி உயிர் பெற்றது. அப்பா ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கிச் சிரித்தார். அண்ணா, மனசார நன்றி.