பச்ச உடம்புக்காரி தூங்கலன்னா சும்மா விட்றாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரசவமாகி பத்து இருபது நாள்ல ஒரு பொண்ணு தன்னையோ புள்ளையையோ ஏதாவது பண்ணிக்கிட்டா மறுநாள் பேப்பர்ல 'கல்நெஞ்சத் தாய்'னு பெருசா தலைப்பு போட்டுடுறாங்க. நான் விழுப்புரம் பக்கம் கிராம செவிலியரா வேல பாத்து ரிடையர் ஆனவ. அந்த மாதிரி செய்திய படிச்சா எனக்கு முதல்ல வர்ற கேள்வி, அந்த பொண்ணு எத்தன ராத்திரி தூங்காம இருந்துச்சு, வீட்ல யாராவது அத கவனிச்சாங்களாங்கிறதுதான்.

ஒரு வீட்டுக்கு பிரசவத்துக்கு அப்புறம் பாக்க போயிருந்தேன், புள்ளைக்கு ஒரு வாரம் இருக்கும், எடை பாத்தேன், தொப்புள் பாத்தேன், எல்லாம் நல்லாதான் இருந்துச்சு. பொண்ணு மட்டும் படபடன்னு பேசிக்கிட்டே இருக்கு, பேச்சு ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு தாவுது, திடீர்னு என் காதுகிட்ட வந்து புள்ளைய யாரோ மாத்திட்டாங்க சிஸ்டர்னு சொல்லுது. மாமியாரம்மா, "புள்ள நல்லா தூங்குது, இவதான் மூணு நாளா கண்ண மூடல, காத்து கருப்பு அண்டியிருக்கும், வெள்ளிக்கிழமை மந்திரிக்க கூட்டிட்டு போறோம்"னாங்க. நான் வெள்ளிக்கிழமை வரைக்கும் விடல, அன்னிக்கே பேசி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சேன், சில வாரத்துல அந்த பொண்ணு நல்லா தெளிஞ்சு வந்துச்சு. அப்புறம்தான் பொண்ணோட அம்மா என்னை தனியா கூப்பிட்டு, "என் தங்கச்சிக்கும் தலப்பிரசவத்துல இப்படித்தான் ஜன்னி கண்டுச்சு, சம்பந்தி வீட்டுக்கு தெரிஞ்சா என்ன ஆகுமோன்னு வாயே தொறக்கல"ன்னு சொல்லி அழுதாங்க.

அந்தம்மாவ நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஒளிக்கிறதுலதான் உயிர் போகுது. பிரசவத்துக்கப்புறம் வர்ற இந்த கடும் மனநோய் 1000 பிரசவத்துல 1 இல்ல 2 பேருக்குதான் வரும், பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துக்குள்ள வரும். அதுவே பைபோலார்னு, கொஞ்ச நாள் அளவுக்கு மீறின உற்சாகம் கொஞ்ச நாள் ஒரேடியா சோர்வுன்னு மாறி மாறி வர்ற மனநோய் ஏற்கனவே இருக்குற பொண்ணுன்னா கிட்டத்தட்ட அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு பிரசவம் ஆனதும் கடுமையா வரும், அம்மாவுக்கோ கூடப்பொறந்தவளுக்கோ பிரசவத்துல வந்திருந்தா ஆபத்து இன்னும் கூடும். அப்போ வீட்டு வரலாறு தெரிஞ்சிருந்தா எந்த ரெண்டு வாரம் கண்கொத்திப் பாம்பா பாத்துக்கணும்னு முன்கூட்டியே தெரிஞ்சிடும்ல, ராத்திரி வேற யாராவது புள்ளைய பாத்துக்கிட்டு அந்த பொண்ண தூங்க விடலாம், டாக்டர் கிட்ட முன்னாடியே பேசி வெச்சுக்கலாம். சுகர் இருக்கா பிபி இருக்கான்னு பரம்பரைய கேக்குறோம், மனசப் பத்தி மட்டும் ஏன் கேக்க கூச்சப்படணும்?

எல்லாமே ரத்தத்துல வர்றதும் இல்ல. வேலூர் பக்கம் கிராமத்துப் பொண்ணுங்கள கர்ப்பத்துலேர்ந்தே பின்தொடர்ந்து பண்ணின ஆய்வு 2002ல வந்துச்சு, பிரசவத்துக்கப்புறம் புதுசா மன அழுத்த நோய் வந்தவங்க 11 சதவீதம். இது ஜன்னி மாதிரி பேச்சு மாறுற நோய் இல்ல, சத்தமில்லாம அழுது அழுது ஒடுங்கிப்போற நோய், அதனாலயே யார் கண்ணுலயும் படாது. காரணம்னு அதுல கண்டுபுடிச்சது எல்லாம் நம்ம வீட்டுக்குள்ள நடக்குறதுதான்: வருமானம் இல்ல, பையன எதிர்பாத்து பொண்ணு பொறந்துச்சு, மாமியாரோட ஒத்துப்போகல, பெத்தவங்களோட மனத்தாங்கல், ஒத்தாசைக்கு ஆள் இல்ல. பொட்டப்புள்ள பொறந்துடுச்சுன்னு ஆஸ்பத்திரி வராண்டாவுலயே மூஞ்ச திருப்பிக்கிட்டு போற புருஷன நான் நிறைய பாத்திருக்கேன், அது வெறும் மனவருத்தம்னு நினைக்காதீங்க, நோய்க்கே அது ஒரு காரணம்.

குழந்தைங்க விஷயத்துலயும் இதே கதைதான். பேசுறதுலயும் மத்தவங்களோட பழகுறதுலயும் புள்ளைக்கு சிரமம் இருக்குற ஆட்டிசம்னு சொன்னதும் நீ செல்போன் காட்டின, நீ வேலைக்கு போன, தடுப்பூசி போட்டதாலன்னு பழி மொத்தமும் தாய் தலைல. ரெட்டப் புள்ளைங்கள வெச்சு பண்ணின ஆய்வுகள் ஆட்டிசத்துல பெரும்பங்கு மரபணுன்னு சொல்லுது. தடுப்பூசியால வருதுன்னு 1998ல வந்த கட்டுரைய அத போட்ட பத்திரிகையே 2010ல வாபஸ் வாங்கிடுச்சு. மரபணுக்கு வெளியிலயும் காரணம் உண்டு, குறைமாசத்துல பொறக்குறது, அப்புறம் வயித்துல இருக்கும்போது சாப்பிடுற சில மாத்திரை. முக்கியமா வால்ப்ரோயேட், வலிப்புக்கும் மனநோய்க்கும் குடுக்குறது, கர்ப்பத்துல அத எடுத்தா 10ல 3லேர்ந்து 4 புள்ளைங்களுக்கு வளர்ச்சிக் கோளாறு வரலாம். அதுக்காக பயந்துபோய் நீங்களா மாத்திரைய நிறுத்திடக்கூடாது, நிறுத்தினா வலிப்பு வந்து தாய்க்கும் ஆபத்து புள்ளைக்கும் ஆபத்து. புள்ள வேணும்னு யோசிக்கும்போதே டாக்டர்கிட்ட போய் மாத்திரைய மாத்தணும், அத கல்யாணம் ஆன கையோட அந்த பொண்ணுக்கு யாராவது சொல்லணும், நம்ம ஊர்லதான் மாத்திரை சாப்பிடுறதையே புருஷனுக்கு தெரியாம ஒளிச்சு வெச்சிருக்குதுங்களே.

அரசாங்கத்துக்கிட்ட கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. மன அழுத்தத்த கண்டுபுடிக்க எடின்பரோ அளவுகோல்னு 10 கேள்வி இருக்கு, தமிழ்ல அத சரிபாத்து 2005லயே வெளியிட்டாச்சு, செவிலியர் வீட்டுக்கு போகும்போது தடுப்பூசி தேதிய எழுதுற மாதிரி அதையும் கேட்டு எழுதணும், கேக்குறப்ப மாமியாரையும் புருஷனையும் கொஞ்சம் வெளிய நிக்க சொல்லணும், இல்லன்னா உண்மை வராது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில 2009லேர்ந்தே தாயும் புள்ளையும் சேர்ந்து தங்கி வைத்தியம் பாக்குற வார்டு இருக்கு. நம்ம மாவட்டத்து பெரிய ஆஸ்பத்திரிகள்லயும் ரெண்டு மூணு பெட்டாவது அப்படி ஒதுக்கணும், புள்ளைய பிரிக்கணுமேன்னு பயந்துதான் பல வீட்ல கூட்டிட்டே வர்றதில்ல.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் ஐயா. அடுத்த தடவ அந்த மாதிரி செய்தி வந்தா கல்நெஞ்சம் அது இதுன்னு போடாம, கீழ 14416 நம்பர போடுங்க. அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், பொண்ணு தூங்கலன்னு மாமியாரே கூப்பிட்டு கேக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
விழுப்புரம் மாவட்டம்