அழித்து நிறுவும் முன் ஒலி எங்கே அறுந்தது என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாத்திய இசையைக் கணினியிலேயே உருவாக்கும் மென்பொருளில் ஒரு கருவி திடீரென்று ஊமையாகிவிட்டால், அல்லது எக்ஸ்போர்ட் செய்த (தனி ஒலிக் கோப்பாக எடுத்த) பாட்டு கணினியில் கேட்டதுபோல் இல்லாவிட்டால், கேள்வி-பதில் பகுதிகளில் பெரும்பாலும் கிடைக்கும் முதல் ஆலோசனை, "அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள்" என்பதுதான். அதைக் கடைசி வழியாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். ஒலிக் கோப்புகளே பல ஜிகாபைட் வரும் மென்பொருளை மறுபடி இறக்கினால் நேரமும் போகும், செய்து வைத்த அமைப்புகளும் போகும். குறை மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, பேசாத டிராக் (ஒரு கருவிக்கான தனி வரிசை) எந்த வகை என்பதை. மிடி டிராக்கில் ஒலியே கிடையாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற கட்டளைகள் மட்டுமே இருக்கும். அதை ஒலியாக்க ஒரு சிந்தசைசரோ (ஒலியை உருவாக்கும் கருவி), சவுண்ட்ஃபாண்டோ (கருவி ஒலிகளின் தொகுப்புக் கோப்பு), பிளக்-இன்னோ (மென்பொருளுக்குள் சேர்த்து இயக்கும் துணை மென்பொருள்) வேண்டும். இன்னொரு வகை, கலைஞர்கள் வாசித்துப் பதிந்த ஒலித்துண்டுகளைக் கோத்துத் தருவது. பேண்ட்-இன்-எ-பாக்ஸ் என்ற பக்கவாத்திய மென்பொருளில் ரியல்ட்ராக்ஸ் என்பது இதுதான். இரண்டுக்கும் வரும் நோய் வேறு, மருந்து வேறு.

மிடி டிராக் என்றால் அந்த ஒன்றை மட்டும் ஓடவிட்டு மீட்டரைப் பாருங்கள். சுரம் வருவதைக் காட்டும் விளக்கு மின்னி, ஒலி மீட்டர் அசையவில்லை என்றால் ஒலிமூலம் ஏறவில்லை. பிளக்-இன் காணாமல் போயிருக்கலாம், அல்லது 64-பிட் மென்பொருளில் பழைய 32-பிட் பிளக்-இன் இருக்கலாம். இரண்டையும் இணைக்கும் 'பாலம்' மென்பொருள் இல்லாமல் அது திறக்காது. மீட்டரும் ஏறி இறங்குகிறது, காதுக்கு மட்டும் எதுவும் வரவில்லை என்றால் ஒலி வேறு சாதனத்துக்குப் போகிறது. அமைப்பில் எந்த டிரைவர் (ஒலிச் சாதனத்தை இயக்கும் நிரல்), எந்த வெளியீடு தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். விளக்கும் இல்லை, மீட்டரும் இல்லை என்றால் மியூட் பொத்தானையும், வேறொரு டிராக்கில் மறந்துபோன சோலோ பொத்தானையும் (அந்த டிராக்கை மட்டும் ஒலிக்கவிட்டு மற்றவற்றை அடக்குவது) தேடுங்கள். நிறுவுதலைத் தொடாமலே தீரும் சிக்கல்கள் பல இந்த மூன்று பார்வைக்குள் அடங்கிவிடும்.

ஒலி வருகிறது, ஆனால் கருவி மாறி வருகிறது என்பது தனிக் கதை. 1991-இல் வந்த ஜெனரல் மிடி ஒழுங்கு 128 கருவிகளுக்கு எண் கொடுத்தது. சில மென்பொருள்கள் 1 முதல் 128 வரையும், சில 0 முதல் 127 வரையும் எண்ணுகின்றன. முதல் கணக்கில் சிதாரின் எண் 105. அதே 105-ஐ இரண்டாவது வகை மென்பொருளில் கொடுத்தால் பாஞ்சோ ஒலிக்கும். கோப்பில் தவறில்லை, ஓர் எண்ணைக் குறைத்தால் போதும். எல்லாக் கருவியும் பியானோவாகக் கேட்டால் கருவித் தேர்வுக் கட்டளை ஒலிமூலத்துக்குப் போய்ச் சேரவில்லை. பாட்டை நடுவிலிருந்து ஓடவிட்டால், தொடக்கத்தில் இருக்கும் அந்தக் கட்டளை தவறிப்போவது உண்டு. முதல் பட்டையிலிருந்து (பாட்டின் முதல் தாள அளவிலிருந்து) ஓட்டிப் பாருங்கள்.

மிடிக் கட்டளைகள் சேனல் எனப்படும் தனித்தனி வழிகளில் போகின்றன. ஜெனரல் மிடியில் தாளக் கருவிகளுக்கு ஒதுக்கியது சேனல் 10. தாள டிராக்கை வேறு சேனலில் போட்டால் தாளத்துக்குப் பதில் பியானோ கட்டைகள் தாறுமாறாக விழும். இன்னொன்றும் அடிக்கடி நடக்கிறது. பாடுபவருக்காகச் சுருதியை இரண்டு அரைச்சுரம் ஏற்றும்போது தாள டிராக்கும் சேர்ந்து ஏறிவிடும். தாளத்தில் எண் என்பது சுருதி அல்ல, கருவி. 36 பேஸ் டிரம், 38 ஸ்னேர். இரண்டு ஏற்றினால் பேஸ் டிரம் விழ வேண்டிய இடமெல்லாம் ஸ்னேர் விழும், பாட்டின் அடித்தளமே காணாமல் போகும். சுருதி மாற்றும்போது சேனல் 10-ஐ விலக்கி வையுங்கள்.

பதிந்த ஒலித்துண்டு டிராக்குகள் மௌனமானால் பெரும்பாலும் கோப்புறையின் முகவரி மாறியிருக்கும். வெளி வன்தட்டை வேறு துளையில் செருகினால் விண்டோஸ் அதற்குத் தரும் எழுத்து (D, E போன்றது) மாறிவிடக்கூடும். மென்பொருள் பழைய எழுத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். அமைப்பில் புதிய இடத்தைக் காட்டினால் போதும். இந்த டிராக்குகளைப் பதிந்த வேகத்திலிருந்து வெகுதூரம் இழுத்தால் ஒலி குழைந்து கரகரக்கும். அது பழுதல்ல, உங்கள் பாட்டின் வேகத்துக்கு நெருக்கமாகப் பதிந்த வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எக்ஸ்போர்ட்டில்தான் மனம் நோகும், ஏனென்றால் குறை வெளிப்படும்போது கோப்பு பெரும்பாலும் பாடுபவர் கையில் இருக்கும். ஓடவிட்டால் கேட்கிறது, வேவ் கோப்பில் மட்டும் சில கருவிகள் இல்லை என்றால், அவை விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் ஜிஎஸ் வேவ்டேபிள் சிந்தசைசரிலோ வெளிக் கீபோர்டிலோ ஒலிப்பவையா என்று பாருங்கள். அந்த ஒலி மென்பொருளுக்கு வெளியே பிறக்கிறது, திரும்பி உள்ளே வருவதில்லை. அந்த டிராக்குகளுக்கு உள்ளேயே இயங்கும் பிளக்-இன்னை ஒதுக்குங்கள், இல்லையேல் வெளி ஒலியை நிகழ்நேரத்தில் ஆடியோ டிராக்காகப் பதியுங்கள். பதிந்த ஒலிகளிலிருந்து வாசிக்கும் பெரிய சாம்பிள் கருவிகள், பாட்டின் நேரத்தைவிட விரைவாக முடியும் வேக எக்ஸ்போர்ட்டில் இடையிடையே சுரங்களைத் தவறவிட்டால், நிகழ்நேர எக்ஸ்போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். நாலு நிமிடப் பாட்டுக்கு நாலு நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

நாலு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 3 நிமிடம் 40 நொடியில் முடிந்து, சுருதியும் ஒன்றரை அரைச்சுரம் ஏறியிருந்தால் காரணத்தைத் தேட வேண்டியதே இல்லை. 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் வேகத்தில் (நொடிக்கு ஒலியை எத்தனை முறை அளக்கிறது என்ற எண்) உருவான ஒலி 48 கிலோஹெர்ட்ஸாக வாசிக்கப்படுகிறது. மென்பொருளில் திறந்திருக்கும் பாட்டுத் திட்டம், ஒலி அட்டை, எக்ஸ்போர்ட் மூன்றிலும் ஒரே எண்ணை வையுங்கள்.

உரத்த இடங்களில் ஒலி கிழிந்தால், தனித்தனியே அளவாக இருந்த டிராக்குகள் கூடிப் பூஜ்யம் டெசிபல் என்ற உச்ச வரம்பைத் தாண்டியிருக்கின்றன. 16-பிட் கோப்பில் வெட்டுப்பட்ட உச்சியை, பிறகு ஒலியைக் குறைத்து மீட்க முடியாது. மாஸ்டரை (மொத்த ஒலி அளவை) இறக்கி, உச்சி -1 டெசிபலைத் தாண்டாதபடி மறுபடி எக்ஸ்போர்ட் செய்வதே வழி. கேட்கும்போது மட்டும் வெடிக்கும் 'டப் டப்' ஒலி வேறு வகை. பஃபரை (ஒலியைச் சற்று முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடத்தை) 128-லிருந்து 512-க்கோ 1024-க்கோ ஏற்றினால் அது நிற்கும். வேக எக்ஸ்போர்ட்டில் எடுத்த கோப்பில் அது பொதுவாகப் பதிவதும் இல்லை.

கடைசித் தந்தியின் கார்வை வெட்டுப்படாமலிருக்க முடிவில் இரண்டு காலிப் பட்டைகள் சேருங்கள். வேறு மென்பொருளில் அடுக்கப்போகும் டிராக்குகளை எம்பி3-ஆக அனுப்பாதீர்கள். அதன் தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்துகொள்வதால், வேவ் டிராக்குகளோடு வைக்கும்போது தாளம் பிசகும். பழைய மென்பொருள்கள் சில தமிழில் பெயரிட்ட கோப்புறைக்குள் எழுத மறுக்கின்றன. ஆங்கில எழுத்துப் பெயரில் ஒருமுறை முயன்ற பிறகு மற்றவற்றைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி அனுப்பும் வாசகர்களிடம் உங்கள் நாளிதழ் மூன்று விவரங்களைக் கட்டாயம் கேட்டால் நன்றாக இருக்கும்: டிராக் மிடியா, பதிந்த ஒலியா? ஓட்டும்போது எந்த மீட்டர் அசைகிறது? குறை ஓட்டும்போதே இருக்கிறதா, கோப்பில் மட்டுமா? இந்த மூன்றும் தெரிந்தால் பதில் எழுதுபவர் குறையின் அருகிலேயே போய் நின்றுவிடலாம்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுப் பணியில் உள்ள வாசகர்கள்