பாட்டிலில் ஒரு குளம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை அகார் ஓவியம் (அகார் கூழ்த் தட்டில் பாக்டீரியாவை வளர்த்து வரையும் படம்) வரையவைத்து இன்ஸ்டாகிராமில் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போடலாம், அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கம் 2015-இல் அதற்குப் போட்டியே தொடங்கியது. ஆனால் இரண்டு நாளில் வளர்ந்துவிடும், மூன்றாம் நாள் லைக்கை எண்ணிவிட்டு மறந்துவிடுவார்கள். செமஸ்டர் முழுக்க எட்டிப் பார்க்கவைக்க வேண்டுமானால் வினோகிராட்ஸ்கி தூண்தான்: குளத்துச் சேற்றைப் பாட்டிலில் அடைத்து, அதிலுள்ள பாக்டீரியா நிற நிற அடுக்காக வளர்வதைப் பார்ப்பது. செலவு ஒரு முட்டை.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டிவிடு. குளத்துச் சேற்றில் கல், குச்சி, வேரைப் பொறுக்கிவிட்டு, அதே குளத்துத் தண்ணீர் விட்டு தோசை மாவு பதத்துக்குக் கரைக்க வேண்டும். அதில் ஒரு பங்கை எடுத்து, நாளிதழ் அரைப் பக்கத்தைப் பொடியாகக் கிழித்தது, ஒரு மஞ்சள் கரு, அந்த முட்டை ஓட்டின் பொடி, ஒரு சாக்பீஸ் பொடி சேர்த்து அடியில் 5 செ.மீ. நிரப்பு. மேலே வெறும் சேறு 7 செ.மீ., தண்ணீர் 3 செ.மீ., மிச்சம் காற்றுக்கு. ஒவ்வொரு அடுக்கையும் மேசையில் தட்டித் தட்டி இறக்கு. குமிழி சிக்கினால் அங்கே ஆக்சிஜன் தங்கிவிடும். வாயில் பிளாஸ்டிக் தாள், ரப்பர் பேண்ட், ஊசித் துளை. இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து சேறு பிளந்து மேலே எழும். நாளிதழ்த் தாளைச் சேற்றில் அள்ளிப் போட்டாலும் அதே கதைதான்.

சாக்பீஸ் கார்பனேட் என்று பிள்ளைகள் சாதிப்பார்கள். நம் ஊர் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விடச் சொல்: முட்டை ஓடு நுரைக்கும், சாக்பீஸ் சும்மா இருக்கும். ஓடு கார்பனேட்டுக்கு, சாக்பீஸ் சல்பேட்டுக்கு.

வெளிச்சத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நேர் வெயிலில் பாட்டில் வெந்துவிடும். வடக்குப் பார்த்த ஜன்னல் நல்லது. வெள்ளை எல்.இ.டி.யை மட்டும் நம்பாதே. ஊதா பாக்டீரியா விரும்பி உறிஞ்சும் அகச்சிவப்பு அதில் அநேகமாக இல்லை. பழைய குண்டு பல்பு 40 வாட் கிடைத்தால் அரை மீட்டர் தள்ளி வை. இன்னொரு பாட்டிலைக் கறுப்புத் தாளில் சுற்றி வை, மூன்றாவதில் முட்டையும் சாக்பீஸும் வேண்டாம். ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் அது வெறும் வேடிக்கை.

இரண்டு வாரத்தில் அடியில் கறுப்பு: சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியா விட்ட ஹைட்ரஜன் சல்பைடு, சேற்று இரும்போடு சேர்ந்தது. பச்சை, ஊதா பாக்டீரியாவின் நிறங்கள் வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். இன்ஸ்டாகிராம் உதவுவது இந்தக் காத்திருப்பில்தான். முதல் நாளே ஸ்டோரியில் வாக்கெடுப்பு வை: ஊதா முதலில் எந்த உயரத்தில் வரும்? வாக்களித்தவன் தினம் வந்து பார்ப்பான்.

போட்டோ எடுக்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடு. பாட்டிலில் ஒரு ஸ்கேல், பக்கத்தில் வெள்ளைத் தாள். போன் தானே நிறத்தை மாற்றிவிடும், தாள் காட்டிக்கொடுக்கும். ஃபிளாஷ் வேண்டாம். சேறு தொடும் கை போனைத் தொடக்கூடாது, அதற்குத் தனியாக ஓர் ஆள். அறுபது நாள் அறுபது படம், நொடிக்குப் பத்து வீதம் ஓடவிட்டால் ஆறு நொடி ரீல்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. "குரோமேஷியம் வந்துவிட்டது" என்று ஊதா பாக்டீரியா ஒன்றின் பெயரை யாரும் எழுதக்கூடாது. "அடியிலிருந்து 6 செ.மீ.-இல் ஊதாப் படலம்", அவ்வளவுதான். பிப்பெட்டின் பல்பை வெளியிலேயே அமுக்கிக்கொண்டு உள்ளே இறக்கி, படலத்தருகில் விட்டால் ஒரு சொட்டு வரும். நுண்ணோக்கியில் செல்லுக்குள் கந்தக மணிகள் பளபளத்தால் அப்புறம் பெயரைப் பேசலாம்.

எந்தக் குளத்துச் சேறு எடுக்கப்போகிறாய்? செம்மண் பூமியென்றால் இரும்பே சல்பைடை விழுங்கிக்கொள்ளும், ஊதா இன்னும் தாமதமாகும். பருவத்தேர்வு தேதியைப் பார்த்துத் தொடங்கு.

அன்புடன்,
கலா