கடனா சும்மாவான்னு முதல்லயே சொல்லிடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். வளந்த பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா கடன் கொடுக்கவே கூடாதுன்னு ஒரு வாசகர் அடிச்சு எழுதியிருந்தார், எனக்கு அதுல பாதிதான் உடன்பாடு. கொடுக்கலாம் சார், ஆனா அது கடனா இல்ல சும்மா கொடுக்கறதான்னு கொடுக்கற அன்னைக்கே வாய்விட்டு சொல்லிடணும். இங்கதான் எல்லாரும் சொதப்பறோம். எங்க பையனுக்கு கொடுத்தப்போ நான் கடன்னு நினைச்சேன், வீட்டுக்காரர் போனா போகுதுன்னு நினைச்சார், அவன் என்ன நினைச்சான்னு 2 வருஷம் கழிச்சு புது பைக் எடுத்தப்போதான் தெரிஞ்சுது! கேக்கவும் முடியல, மறக்கவும் முடியல, அவன் போன் பண்ணாலே மனசுக்குள்ள கணக்கு ஓட ஆரம்பிச்சிடுது, இதுல பொண்ணு வேற எனக்கு மட்டும் ஏன் தரலன்னு ஒரு மாதிரி பேசினா.

ரிட்டயர்மென்ட் காசுல மட்டும் கை வைக்காதீங்க. படிப்புக்கு லோன் இருக்கு, வீட்டுக்கு லோன் இருக்கு, வயசான காலத்துல மருந்து மாத்திரைக்கு நமக்கு யார் லோன் கொடுப்பா? ஜாமீன் கையெழுத்து அதவிட மோசம், கையில இருந்து காசு போகலையேன்னு ஈஸியா போட்டுடறோம், அவங்க கட்டலேன்னா மொத்த பாக்கியும் வட்டியோட நம்ம தலையிலதான்.

தொகை, தேதி, மாசம் எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடறதுல ஒண்ணும் அவமானம் இல்ல. பொண்ணுக்கு போன வருஷம் அப்படித்தான் கொடுத்தேன், முதல்ல மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டா, இப்ப தேதி தவறாம அவளே அனுப்பறா. பையன்கிட்ட இன்னும் கேக்கல.

இப்படிக்கு,
ஒரு அம்மா