நடுவழியில் ரூம் போட்டுவிட்டேன், அக்கா

அக்காவுக்கு,

நேற்று ராத்திரி ரூம் போட்டுவிட்டேன். போய்ச் சேருகிற இடத்தில் இல்லை, நடுவழியில். இரண்டு அறை, ஒரு ராத்திரி. இந்தத் தடவை நாம் எல்லாரும் காரில் போகப்போகிற 900 கிலோமீட்டரை 480, 420 என்று பிரித்திருக்கிறேன். பணமும் கட்டியாயிற்று, இனி நான் மனசு மாறினாலும் திரும்பி வராது. அப்படித்தான் வேண்டுமென்றே கட்டினேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன்னால், நாம் ராத்திரியோடு ராத்திரியாகப் போன பயணத்தில் நீ பாத்ரூம், அது இது என்று பதினோரு தடவை வண்டியை நிறுத்தச் சொன்னதை ‘அக்காவின் பதினோரு நிறுத்தங்கள்’ என்று எழுதியது இதே பக்கத்தில்தான். சொந்தக்காரர்கள் எல்லாரும் படித்துச் சிரித்தார்கள். நீயும் கீழே ஒரு வரி போட்டிருந்தாய், “நல்லா எழுதியிருக்கடா” என்று. அந்த வரியை நேற்று மறுபடி படித்தேன். எல்லார் முன்னாலும் உன்னைச் சிரிப்பாக்கியவன், இதை மட்டும் உன் காதில் ரகசியமாகச் சொன்னால் சரியாக இருக்காது. அந்தப் பதிவை அழிக்கவும் இல்லை. அழித்தால் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அதன் தலைமாட்டில் இந்தக் கடிதத்துக்கு இணைப்பு கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் பாப்பா இங்கே வந்திருந்தாள் இல்லையா, அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். காலியான ரோடு, இரண்டாவது கியர். பேச்சுவாக்கில் உன் நிறுத்தங்களைப் பற்றி வழக்கம்போல ஆரம்பித்தேன். அவள் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் சொன்னாள்: “மாமா, அம்மாவுக்கு அன்னிக்கு பாத்ரூமே வரல. உங்க தலை ஆடிச்சு. அதான் நிறுத்தச் சொன்னாங்க. உள்ள போய் கையை மட்டும் கழுவிட்டு வருவாங்க. நானும் கூடப் போவேன்ல, எனக்குத் தெரியாதா?”

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். அவள் ஏதோ தப்பாக ஓட்டிவிட்டோம் என்று பயந்துபோனாள்.

கையை மட்டும் கழுவிவிட்டு. பதினோரு தடவை.

அக்கா, அந்தப் பயணத்தின் விடியற்காலை நாலு மணியைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பின்சீட்டில் இருந்தவர்கள் யாரும் விழிக்கவில்லை, அதனால் அவர்களுக்குத் தெரியாது. இப்போது படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்கள். தெரியட்டும். ரோட்டோரம் வரிவரியாகச் செதுக்கியிருப்பார்களே, சக்கரம் ஏறினால் தடதடவென்று அடிக்குமே, அந்தச் சத்தம்தான் எனக்கு முதலில் வந்தது. கண் திறந்தபோது ஸ்டியரிங்கில் என் கை இரண்டு, அதற்குக் கீழே உன் கை ஒன்று. நீ இழுக்கவில்லை, திருப்பவில்லை, நேராகப் பிடித்து வைத்திருந்தாய், அவ்வளவுதான். டாஷ்போர்டின் பச்சை வெளிச்சம் உன் கைக்கடிகாரத்துக் கண்ணாடியில் விழுந்து கொஞ்சம் நடுங்கிக்கொண்டிருந்தது. கடிகாரம் நடுங்கவில்லை, உன் கை நடுங்கியது. அதை நான் அப்போதே பார்த்தேன்.

நீ கத்தவில்லை. “பாப்பாவுக்குக் குமட்டுதாம், கொஞ்சம் நிறுத்தேன்” என்றாய். பாப்பா வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அதுவும் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் 40 நிமிஷம் நிறுத்தாமல் ஓட்டினேன். நடுவில் உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னேன். சித்தப்பாவும் அத்தையும் படிக்கிற இடத்தில் அதை எழுத மாட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த வார்த்தைக்காகத்தான் முதலில் மன்னிப்பு கேட்கிறேன், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 28 மீட்டர் கடக்கிறது. நான் கண் மூடியது மூன்று விநாடி என்று வைத்துக்கொண்டால்கூட 80 மீட்டருக்கு மேல். அந்த 80 மீட்டரும் உன் ஒரு கையில்தான் இருந்தது.

ஆனாலும் கேட்கிறேன், நீ ஏன் நேராகச் சொல்லவில்லை? “டேய், நீ தூங்குற, நிறுத்து” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பாத்ரூம் என்றாய், குழந்தை என்றாய், கால் மரத்துப்போச்சு என்றாய். நான் நம்பினேன். ஒவ்வொரு தடவையும் எரிச்சல்பட்டேன். வருஷக்கணக்காக எல்லா விசேஷத்திலும் அதையே கதையாகச் சொன்னேன், நீயும் கூடவே சிரித்தாய். உண்மையை மறைத்து என்னை அப்படிப் பேசவிட்டதில் உனக்கும் பங்கில்லையா? பாப்பா சொன்ன அன்றைக்கு ராத்திரி எனக்கு உன்மேல்தான் முதலில் கோபம் வந்தது. இப்போதும் முழுசாகப் போகவில்லை.

நேராகச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்று நீ கேட்பாய். கேட்டிருக்க மாட்டேன். சொல்லியிருந்தால் இன்னும் வேகமாகத்தான் ஓட்டியிருப்பேன்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைத்த லீவு சனி ஞாயிறு சேர்த்து ஒன்பது நாள். போக ஒரு நாள், வர ஒரு நாள் ரோட்டிலேயே போனால் மிச்சம் ஏழு. ராத்திரியோடு ராத்திரியாகப் போனால் குழந்தைகள் தூங்கிவிடும், வெயில் இல்லை, ரோட்டில் கூட்டம் குறைவு. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே வருகிற குழந்தைக்குக் கண் ‘அசையவில்லை’ என்கிறது, உள்காது ‘அசைகிறோம்’ என்கிறது, அந்தச் சண்டையில்தான் குமட்டல் வருகிறது. தூங்குகிற குழந்தைக்கு அந்தத் தொல்லையே இல்லை. இவ்வளவையும் யோசித்துத்தான் ராத்திரியைத் தேர்ந்தெடுத்தேன். உங்களை எல்லாம் பத்திரமாக, சீக்கிரமாகக் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. அதை யாரும் வீம்பு என்று சொன்னால் வலிக்கிறது. அத்தான் சொன்னார். அவர் அன்றைக்குப் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தவர். அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

என் கணக்கில் இல்லாதது நான்தான். அன்றைக்குக் காலையில் எழுந்தது 6 மணிக்கு. முழு நாள் வேலை பார்த்துவிட்டு ராத்திரி 8 மணிக்கு வண்டியை எடுத்தேன். 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் கவனத்துக்குச் சமமாகக் குறைந்துபோகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-லேயே சோதித்து எழுதியிருக்கிறார்கள். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் எல்லையே அந்த 0.05தான். நாம் கிளம்பி மூன்றே மணி நேரத்தில், 11 மணிக்கே, நான் அங்கே வந்துவிட்டேன். நாலு மணிக்கு 22 மணி நேரம். குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஜன்னலை இறக்கிவிட்டேன், பாட்டை ஏற்றினேன். ஒன்றும் நிற்காது, ஐந்து பத்து நிமிஷம் விழித்திருப்பதுபோலத் தோன்றும், அவ்வளவுதான். நீ நாலாவது நிறுத்தத்தில் சொன்னதுதான் சரி: ஒரு காபி குடித்துவிட்டு உடனே சீட்டைச் சாய்த்து 20 நிமிஷம் தூங்கு என்றாய். காபி வேலை செய்யவே அரை மணி ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து கை கொடுக்கும். நான் காபியைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஐரோப்பாவில் லாரி ஓட்டுகிறவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும், சட்டம் அது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. அதையே தொழிலாகச் செய்கிறவருக்கு அந்த வரம்பு. நான் வருஷத்துக்கு ஒரு தடவை நெடுந்தூரம் ஓட்டுகிறவன், 12 மணி நேரத்தைத் தரையில் கால் வைக்காமல் முடிப்பேன் என்றேன். வேகத்தில் மிச்சம் பிடித்ததும் அப்படித்தான். 300 கிலோமீட்டரை 100-ல் போனால் மூன்று மணி நேரம். 110-ல் போனால் 16 நிமிஷம் குறையும். உன் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான்.

சேமித்த நாள் என்ன ஆயிற்று என்பதும் உனக்குத் தெரியும். காலையில் போய் நின்றோம், மதியம்தான் அறை தருவோம் என்றார்கள். வரவேற்பறை சோபாவில் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. அறை கிடைத்ததும் நான் படுத்தவன் இருட்டியபிறகு எழுந்தேன். நீ குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்வந்திருந்தாய். அந்த நாளின் படங்களில் நான் இல்லை.

உன் வழியிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை, சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வருஷம் பகலில்தான் போனோம், நீ கேட்ட இடத்தில் எல்லாம் நிறுத்தினேன். பலகை பார்த்தால் நிறுத்தம், தண்ணீர் பார்த்தால் நிறுத்தம். கடைசியில் மலைப்பாதையை இருட்டில் ஏறினேன், மூடுபனியில், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டு. பின்னால் எல்லாரும் அன்றைக்குப் பார்த்த அருவியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தீர்கள். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ரசித்து ரசித்துப் போகிறவர்களின் நேரத்தை எல்லாம் கடைசி 60 கிலோமீட்டரில் ஓட்டுகிறவன்தான் கட்டித் தீர்க்க வேண்டியிருக்கிறது. இதை நீ ஒருநாளும் கேட்டதில்லை.

எப்படிக் கேட்பாய்? அந்த இடத்தில் நான் உன்னை உட்காரவே விட்டதில்லையே.

இதைத்தான் எழுத வந்தேன், சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி கிளம்பினவுடன் நீ பாப்பாவுக்கு பெர்தா பென்ஸ் கதை சொன்னாய். 1888 ஆகஸ்ட், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் அவர் செய்த மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு ஜெர்மனியில் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். எரிபொருள் தீர்ந்தபோது வழியில் மருந்துக்கடையில் வாங்கினார், குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார், பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துக்கொண்டார், மேட்டில் பையன்கள் தள்ளினார்கள். அந்த முதல் நெடும்பயணத்தில் நிறுத்தாத ஊரே இருந்திருக்காது. பாப்பா கேட்டாள், “அந்த ஆன்ட்டியே ஓட்டினாங்களாம்மா?” “ஆமா, அவங்களேதான்.” கொஞ்சம் பொறுத்து நீ என்னிடம் சொன்னாய், “பன்னெண்டு மணிக்கு மேல நான் கொஞ்ச நேரம் ஓட்டட்டுமாடா? லைசென்ஸ் இருக்குல்ல.”

“நீ தூங்குக்கா” என்றேன்.

அன்பாகத்தான் சொன்னதாக இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். உன்னை நம்பவில்லை என்பதுதான் உண்மை. நீ லைசென்ஸ் எடுத்தது எனக்கு முன்னால். ஸ்டியரிங் கிடைக்காதவளுக்கு வண்டியை நிறுத்த இருந்த ஒரே வழி பாத்ரூம்தான்.

சரி. முதல் நாள் காலை 6 மணிக்குக் கிளம்புகிறோம். முந்தின நாள் நான் லீவு, தூங்கிவிடுவேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தம், யாரும் காரணம் சொல்ல வேண்டாம். அதற்கு நடுவில் தண்ணீரைக் கண்டால் இரண்டு இடம், மூன்றாவது கேட்காதே. 4 மணிக்குள் ரூமில் இருக்க வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெட்டிகள் ஏறினபிறகு எவ்வளவு காற்று வேண்டுமோ அதை முதல் நாள் காலையிலேயே, டயர் சூடாகும் முன்னால் பார்த்துவிடுவேன்.

இரண்டாவது நாள் 420 கிலோமீட்டர் உன்னுடையது. பாதி வேண்டுமானால் பாதி. கிளட்ச் மேலே வந்துதான் பிடிக்கும், முதலில் அணைந்துவிட்டால் பதறாதே. மூன்றாவது கியர் கொஞ்சம் இறுக்கம், அழுத்தாமல் உள்ளங்கையால் தள்ளு. சீட்டை முன்னால் இழுக்கிற கம்பி அடியில் இருக்கிறது, இழுத்துவிட்டு ‘கிளிக்’ என்று கேட்கிறதா பார். கண்ணாடிகளை உன் உயரத்துக்கு வைத்துக்கொள், எனக்காக மறுபடி மாற்ற வேண்டாம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தூங்குவேன் என்று இப்போதே சொல்ல முடியாது, ஆனால் கையை மடியிலேயே வைத்திருப்பேன்.

தம்பி