அக்ரிலிக் நாற்காலி செய்ய ஆசைப்படும் மருமகனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய நாற்காலிப் படம் வந்தது. "அக்ரிலிக் பர்னிச்சர் டிசைனர் ஆகப் போகிறேன் மாமா, இதுபோல ஒன்று செய்ய வேண்டும்" என்று கீழே எழுதியிருந்தாய். ஆசை சரி. ஆனால் அது அக்ரிலிக் இல்லையப்பா. பிலிப் ஸ்டார்க் கார்ட்டெல் நிறுவனத்துக்காக 2002இல் வடிவமைத்த லூயி கோஸ்ட் என்ற நாற்காலி அது. பாலிகார்பனேட் என்ற வேறொரு பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே அச்சில் வார்த்தது. அந்த அச்சுக்கு ஆகும் செலவைக் கேட்டால் உன் அப்பா மயங்கி விழுவார். நம் வேலை அக்ரிலிக் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டை அறுப்பது, சூடாக்கி வளைப்பது, ஒட்டுவது, பஃபிங் போட்டு மெருகேற்றுவது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், பிழைப்பு வேறு.

அசல் அக்ரிலிக்காரர் யார் என்று கேட்டால் சார்லஸ் ஹாலிஸ் ஜோன்ஸைச் சொல்வேன். இண்டியானாவில் 1945இல் பிறந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் போய், வாழ்நாள் முழுக்க இந்த ஒரு பொருளையே பிடித்துக்கொண்டவர். டென்னசி வில்லியம்ஸ் என்ற நாடகாசிரியருக்காக 1968இல் விஸ்டீரியா நாற்காலி செய்தார். வேடிக்கை என்னவென்றால், ஜப்பானின் ஷிரோ குராமாட்டா 1988இல் செயற்கை ரோஜாக்களை அக்ரிலிக்குக்குள் மிதக்கவிட்டுச் செய்த 'மிஸ் பிளான்ஷ்' நாற்காலியின் பெயரும் அதே வில்லியம்ஸின் நாடகப் பாத்திரத்துடையது. குராமாட்டா மரவேலை படித்தவர். அதை மட்டும் கவனித்துக்கொள்.

உன் தாத்தா பனங்கையும் வேம்பும் இழைத்தவர். மரத்தில் பிசகினால் மக்கு வைத்து பாலிஷ் போட்டுவிடுவார். அக்ரிலிக்கில் மக்கு வைக்க இடமே இல்லை. ஒட்டும்போது ஒரு குமிழ் விழுந்தால், நாற்காலி இருக்கும்வரை அதுவும் இருக்கும்.

நானே பட்டிருக்கிறேன். ராமேஸ்வரம் பக்கம் ஒரு விடுதிக்கு மேசைகள் கேட்டார்கள். இந்த உப்புக் காற்றில் இரும்புக் கால் தாங்காது என்று எல்லாவற்றையும் 12 எம்எம் ஷீட்டிலேயே செய்தேன். லேசரில் வெட்டிய ஓரம் கண்ணாடிபோல மின்னியது. பஃபிங் மிச்சம் என்று சந்தோஷப்பட்டு, ஊசியில் ஒட்டும் கரைசல் ஏற்றி நேரே ஒட்டிவிட்டேன். அங்கே வேலை பார்த்த பையன் தினமும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கிறான். ஒரே மாதத்தில் ஓரமெல்லாம் மீன் செதில் மாதிரி பொடி விரிசல். அவர்கள் திட்டியதில் தப்பே இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. லேசர் சூட்டில் ஓரத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடும். கரைசலோ ஸ்பிரிட்டோ பட்டதும் அது பிளந்துகொள்ளும். வெட்டிய துண்டை ஏறக்குறைய 80 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்து, மெதுவாக ஆறவிட்டு, பிறகுதான் ஒட்ட வேண்டும். ஸ்க்ரூ துளையையும் இறுக்கமாகப் போடக் கூடாது. ஒரு மீட்டர் துண்டு 20 டிகிரி சூடேறினால் ஒன்றரை மில்லிமீட்டர் வரை நீளும். நம்மூர் வெயிலில் முற்றத்தில் போட்டால் சொல்லவே வேண்டாம்.

வெயிலுக்குச் சீக்கிரம் மஞ்சளாகாது, துருவும் கிடையாது. அந்த வகையில் நம் கடற்கரைக்கு ஏற்ற பொருள்தான். மணல்தான் எதிரி. ஆடிக் காற்றில் நம் ஊரில் வாசல் திறந்து கிடந்தால் மேசை மேல் ஒரு படலம் படியும். காய்ந்த துணியால் துடைத்தால் கீறல். முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மேசை வரைகிறவனுக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

எடையையும் மறந்துவிடாதே. கண்ணாடியில் பாதி என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனாலும் 8க்கு 4 அடி ஷீட், 12 எம்எம், நாற்பது கிலோவைத் தாண்டும். தூக்கிப் பார்த்தவன் வரையும் நாற்காலி வேறு மாதிரி இருக்கும்.

வருமானம் பற்றிக் கேட்டிருந்தாய். முதல் சில வருடம் பெயர்ப்பலகை, கேடயம், கடை ஷோகேஸ்தான் சோறு போடும். நாற்காலி கேட்டு யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள். என் பட்டறையில் இன்றும் அப்படித்தான்.

லீவுக்கு வா. கணினியை வீட்டில் வைத்துவிட்டு வா. அந்த விடுதி மேசைகளில் ஒன்று இன்னும் மூலையில் கிடக்கிறது. கால்களை அறுத்தெடுத்து, நீ திரும்ப ஒட்டிக் காட்டு. கரைசல் நெடி தலைக்கேறும், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்.

அன்புடன்,
மாமா