அந்த ராஜினாமாத் தாளைக் கிழித்துவிடு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. "ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன், தேதி மட்டும்தான் போடவில்லை" என்ற வரியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. மற்றதை எல்லாம் எப்படியாவது சரிசெய்யலாம். அந்தத் தாளை முதலில் கிழித்துப் போடு.

நீ தோழி ஒருத்திக்கு மட்டும் எழுதிய மின்னஞ்சல் ‘ரிப்ளை ஆல்’ ஆகிப் பிரிவு முழுவதற்கும் போய்விட்டது. அதில் உன் சீனியர் அம்மாளைப் பற்றி, "அவர் கணக்கையும் நான்தான் போட வேண்டியிருக்கிறது, இனிமேல் அவருக்கு ஒன்றும் ஏறாது" என்று எழுதியிருந்தாய். அவரும் அந்தப் பட்டியலில் இருந்தார். சரி, நடந்துவிட்டது. ஆனால் உன் கடிதம் முழுக்க, யார் யார் படித்திருப்பார்கள், மேலாளர் என்ன நினைப்பார், கேன்டீனுக்கு எந்த முகத்தோடு போவது என்றே இருக்கிறது. அதைப் படித்தபோது அந்த அம்மாளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு வரி இல்லை. கோபித்துக்கொள்ளாதே, கல்லூரி நாளிலிருந்து பழகிய உரிமையில் சொல்கிறேன். உன் வெட்கம் வேறு, அவர் பட்ட காயம் வேறு. வெட்கம் தானாகவே தணிந்துவிடும். காயத்தை நீதான் போய்ப் பார்க்க வேண்டும்.

வெட்கத்தைப் பற்றி ஒரு செய்தி படித்திருக்கிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்து உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடன் வேலை செய்தவர்களும் 2000-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். போட்டுக்கொள்ளவே கூச்சமான படம் அச்சிட்ட டி-சர்ட்டை மாணவர்களுக்கு அணிவித்து, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். உன் அலுவலகத்திலும் பலர் அந்தக் கடிதத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்களுக்கும் அவரவர் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் தேர்வும் இருக்கின்றன.

அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதியை அழுத்தியதாக எழுதியிருக்கிறாய். அவுட்லுக்கில் அது ஒரே நிறுவனத்தின் சர்வருக்குள் மட்டும்தான் செல்லும், வெளியே போனதை மீட்காது. சில நேரம் ‘இன்னார் இந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற விரும்புகிறார்’ என்ற அறிவிப்பே போய்ச் சேர்ந்து, படிக்காதவரையும் படிக்க வைத்துவிடும். எல்லோருக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறாயே, அது மட்டும் வேண்டாம். 2016 நவம்பரில் இங்கிலாந்தின் பொது மருத்துவத் துறையில் ஒரு சோதனைக் கடிதம் சுமார் 8,40,000 ஊழியர்களுக்குப் போய்விட்டது. ‘என்னைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்’ என்று பலர் எல்லோருக்குமே பதில் போட்டதில்தான் அஞ்சல் அமைப்பே தடுமாறிப் போனது. உன் மன்னிப்பையும் அத்தனை பேர் படித்தால், அந்த அம்மாளின் பெயர் இன்னொரு சுற்று வரும்.

நீ அவரைத் தனியாகப் பார்த்துப் பேசு. "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று ஆரம்பிக்காதே. புண்பட்டிருக்கிறது, உனக்கும் அது தெரியும். நான் எழுதியது தவறு, அதை உங்களிடம் நேரில் சொல்ல வந்தேன் என்று சொல். வேலைச் சுமை, உடம்பு சரியில்லை என்று எதையும் சேர்க்காதே. அவரைப் புகழ்ந்து ஈடுகட்டவும் பார்க்காதே. அவர் பேசாமல் இருந்தால் அப்படியே இருக்கட்டும், பதில் வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பேன் என்று நிற்காதே. அவருடைய வேலை உன் தலையில் விழுகிறது என்ற குறை நியாயமானதுதான். அதைச் சில வாரம் கழித்து மேலாளரிடம் முறையாகச் சொல். இரண்டையும் ஒரே நாளில் பேசினால், மன்னிப்பு கேட்க வந்தவள் புகார் சொல்லிவிட்டுப் போனாள் என்றுதான் ஆகும்.

ராணிப்பேட்டையில் எங்கள் காலணித் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் ஓர் இளைஞன் இருக்கிறான். ஜெர்மனியில் உள்ள ஒரு வாங்குநருக்கு விலைப்பட்டியல் அனுப்ப வேண்டியவன், உள்ளே நாங்கள் போட்டு வைத்திருந்த காஸ்டிங் தாளை, அதாவது அடக்கவிலைக் கணக்கை, இணைத்து அனுப்பிவிட்டான். மேல்தோல் சதுர அடி என்ன விலை, ஒரு ஜோடிக்கு எத்தனை சதுர அடி, லைனிங், சோல், தைப்புக் கூலி, கடைசி வரியில் எங்கள் லாபம் என்று எல்லாம் அதில் இருந்தது. எனக்கு அடுத்த மேசை. முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். யாரிடமும் கலந்து பேசாமல் நேரே மேலாளர் அறைக்குப் போனான். எந்தத் தாள், யாருக்கு, எத்தனை மணிக்குப் போயிற்று, அதில் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னான். மேலாளர் போட்ட சத்தம் தையல் பகுதி வரை கேட்டது. பிறகு இருவருமாக உட்கார்ந்து போன் செய்தார்கள். அங்கே அப்போதுதான் காலை வேலை தொடங்கியிருந்தது. தாளை அழித்துவிடுகிறேன் என்றார் அந்த வாங்குநர். ஆனாலும் அடுத்த ஆர்டரில் விலையைக் குறைக்கச் சொல்லி விடாப்பிடியாக நின்றார், நாங்களும் குறைத்தோம். அந்த நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் இன்று பெரிய ஆர்டர்களை எல்லாம் மேலாளர் அவனிடம்தான் கொடுக்கிறார். "ஏதாவது நடந்தால் முதலில் இவன் வாயால் எனக்குத் தெரியவரும்" என்று ஒருமுறை என்னிடமே சொன்னார். அதனால்தான் நீயும் உன் மேலாளரிடம் வேறு யாரும் சொல்வதற்கு முன் போய்விடு என்கிறேன்.

இனிமேலுக்கு ஒரு ஏற்பாடு. கடிதத்தை முழுவதும் எழுதி முடித்த பிறகே பெறுநர் முகவரியைப் போடு. அவுட்லுக்கில் சில நிமிடம் தாமதித்து அனுப்பும் விதியை அமைத்துக்கொள். உன் ஜிமெயிலில் அனுப்பியதை ரத்துசெய்யும் நேரம் 5 நொடியாக இருந்தால் 30 ஆக்கிவிடு.

அம்மாவுக்கு ஷெல் கண் மருத்துவமனையில் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டு பிரித்ததும் ஜலகண்டேஸ்வரரைப் பார்க்க வேண்டும் என்றார். 1981-இல் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்ததை நேரில் பார்த்தவர் அல்லவா, இன்றும் கோயிலுக்குள் நுழைந்தால் அந்தப் பேச்சை எடுத்துவிடுகிறார். உன்னையும் விசாரித்தார். நான் எதுவும் சொல்லவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு எல்லோருமாக ரத்தினகிரிக்குப் போகிறோம். விடுப்புக் கிடைத்தால் வா, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. அதற்கு முன் அந்த அம்மாளைப் பார்த்துவிட்டு, என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. பேச மறுத்தாலும் எழுது.

அன்புடன்,
வசந்தா